பர்மிட்டின் கொலுசுச் சுழி

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியே பழக்கமில்லாத என் அருமை மச்சானுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. நீங்கள் போயிருக்கிற ஊரில் மூட்டுவலியும் டோல்கேட்டும் கிடையாது என்று கேள்வி. நான் விசாரிக்க வந்தது வேறு.

உயிரோடு இருந்தபோது உங்களிடம் எதைக் கேட்டாலும், "அதெல்லாம் உனக்கெதுக்கு மாப்ளெ" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். இப்போது உதறத் துண்டும் இல்லை, போடத் தோளும் இல்லை. நான் நிதானமாகக் கேட்கலாம். பர்மிட்டின் கால் விஷயம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

இதைப் பத்திரிகையில் போடப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களே, இந்த மச்சான் தங்கவேலு என் மனைவி மல்லிகாவின் அண்ணன். ராசிபுரத்துப் பக்கம் ஒரு காலத்தில் மூன்று லாரி ஓட்டியவர். கடைசி லாரியையும் விற்றுவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் ஆடி மாதக் குதிரைச் சந்தையில் ஒரு செவலைப் பெண்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஒரு நேஷனல் பர்மிட் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவ தானா வந்த பர்மிட்டு" என்று அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். ஊர் சிரித்தது. அதில் என் சத்தம்தான் பெரிது.

நான் யார் என்றால், லாரி இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தான வண்டியைச் சுற்றி வந்து, இது நிஜமாகவே மோதியதா, மோதவைக்கப்பட்டதா என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டில் ரசம் புளித்தாலும் நேற்றைய ரசமா என்று எட்டிப் பார்ப்பேன். மிச்ச நேரத்தில் உள்ளூர் மாத இதழில் நகைச்சுவை எழுதுவேன். நகைச்சுவை என்று தலைப்பிலேயே போட்டுவிடுவதால் இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அந்தச் சந்தை நாள் ஞாபகமிருக்கிறதா மச்சான்? நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, விலாச் சுழி என்று அரை நாள் அந்தக் குதிரையைச் சுற்றி வந்தீர்கள். சுழி பார்த்து ராசி சொல்வதில் உங்களை மிஞ்ச நாலு ஊரில் ஆள் இல்லை என்பது உங்கள் அபிப்பிராயம். பிறகு முன்னங்கால் பக்கம் குத்த வைத்து உட்கார்ந்தீர்கள். கணுவுக்குக் கீழே, குளம்புக்கு மேலே, கொலுசு கிடக்கும் இடத்தில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. அடுத்த காலிலும் அதே இடத்தில் அதே மாதிரி. மயிர் சுற்றிச் சுற்றி முளைத்த நாலு சின்னச் சுழிகள்.

"மாப்ளெ, இது எந்த சாஸ்திரத்துலயும் இல்ல. கொலுசு போட்டு அனுப்பிச்சிருக்கான் பாரு கடவுள்! இதுக்குப் பேரு கொலுசுச் சுழி. ஊட்டுக்கே காவல்" என்று நீங்களே பெயர் சூட்டினீர்கள்.

விற்க வந்தவன் முகத்தை நான் பார்த்தேன். முதலில் திருதிருவென்று விழித்தான். பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஆமாங்க, அதை நான் எல்லாருக்கும் காட்டறதில்லீங்க" என்றான். சந்தேகம் என் தொழில். ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் மிளகாய் பஜ்ஜி இருந்தது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பர்மிட்டை நீதான் பாத்துக்கோணும் மாப்ளெ. தெனம் பொழுதோட, இருட்டறதுக்குள்ள, காலு நாலையும் தூக்கிப் பாரு. வேறொண்ணும் வேண்டாம்" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வெள்ளாடு முறைத்துப் பார்த்தாலே ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறவன் நான். உங்களுக்கு மணி மாதிரி ஒரு மகள் இருக்கிறாள். குதிரை என்றால் உயிரை விடுகிறவள். அவளை விட்டுவிட்டு என்னிடம் ஏன்?

அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். செத்துப்போகிறவர் கையைப் பிடித்தால் மனுஷனுக்குச் சந்தேகம் வருவதில்லை. அதுதான் கோளாறு.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் நாமக்கல்லிலிருந்து கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும் பெண். தோளில் மடிக்கணினி மாதிரி ஒரு பெட்டி. குதிரைகளின் கீழ்க்காலில் ஓடும் நரம்புகளை ஸ்கேன் செய்து படிக்கிறாராம். நம்ம பக்கத்துக் குதிரைகளுக்கு நல்ல நரம்பு எங்கே ஓடுகிறது, எவ்வளவு தடிமன், படத்தில் எப்படித் தெரியும் என்று முதலில் குறித்து வைத்துக்கொண்டால்தான், பிற்பாடு கெட்டது எது என்று கண்டுபிடிக்க முடியும் என்றார்.

"எங்க குதிரைக்கு என்னங்க கோளாறு?" என்றேன்.

"ஒரு கோளாறும் இல்லீங்க சார். அதனாலதான் வந்திருக்கேன். நொண்டாத குதிரைதான் எனக்கு வேணும். உங்க குதிரை ஒருநாள்கூட நொண்டுனதில்லைன்னு ஊருக்குள்ள சொன்னாங்க."

நோய் இல்லாததால் தேடி வரும் டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதிலும் காசு வேண்டாம் என்கிறார். என் தொழில் புத்தி உடனே முழித்துக்கொண்டது. ஸ்கேன் என்று சொல்லிவிட்டு எதையாவது உருவிக்கொண்டு போய்விட்டால்? அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அவர் காரின் டயரைக்கூட ஒரு பார்வை பார்த்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை, பழக்கம்.

உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான். படம் தெளிவாக வர வேண்டுமானால் கணுவுக்குக் கீழே மயிரை மழிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சமையலறையிலிருந்து உங்கள் தங்கச்சி கரண்டியோடு வந்தாள்.

"ஏனுங்க, என்ன சொல்றாங்க இவிய? எங்கண்ணன் கண்டுபிடிச்ச கொலுசுச் சுழியைச் செரைக்கறதா? இந்த ஊட்ல ஆம்பளைன்னு ஒருத்தர் இருந்தா இந்தப் பேச்சு வருமா?"

"முடி திரும்ப மொளைச்சிருங்கம்மா" என்றார் டாக்டர்.

"சுழி திரும்ப மொளைக்குமா?"

கடைசியில் ஒரு காலை மட்டும் மழிப்பது, அதற்கு முன் அந்தக் காலுக்குச் சூடம் காட்டுவது என்று சமரசம் ஆயிற்று. குதிரையின் காலுக்குச் சூடம் காட்டிய வீடு ராசிபுரம் வட்டாரத்தில் நம்முடையதாகத்தான் இருக்கும். டாக்டரம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

மழித்துவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, குளிர்ந்த பசையைத் தடவி, சோப்புக்கட்டி அளவு கருவியை வைத்து மெதுவாக நகர்த்தினார். பெட்டித் திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதோ நெளிந்தது. எனக்கு மழைநாள் டிவி மாதிரி இருந்தது. அவருக்கு மட்டும் ஊர் வரைபடம் மாதிரி தெரிந்தது போலும்.

"இது மூணும் பக்கம் பக்கமாத்தான் ஓடும் சார். அமுக்குனா அமுங்கிப் போகுது பாருங்க, இது சிரை. துடிக்குதே, இது தமனி. அமுங்காம, துடிக்காம, சும்மா இருக்குல்ல, இதுதான் நரம்பு."

"எங்க ஊட்ல நான் மாதிரி" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். மல்லிகா சிரிக்கவில்லை.

அவர் கருவியைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு வந்தார். சுழி இருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. மேலே போனார், மறுபடி கீழே வந்தார். கருவியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. டாக்டர்கள் பேசிக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை மச்சான், அவர்கள் பேச்சை நிறுத்தினால்தான் கவலை. உங்கள் ஸ்கேனை எடுத்தவரும் இப்படித்தான் பாதியில் பேச்சை நிறுத்தினார்.

"சார், இதுக்கு முன்னங்கால்ல எப்பவாவது ஆபரேஷன் பண்ணிருக்கீங்களா?"

"ஆபரேஷனா? இதுக்குக் குடும்பக் கட்டுப்பாடுகூடப் பண்ணலீங்க."

அவர் திரையைக் காட்டினார். மேலேயிருந்து ஒழுங்காக வந்த நரம்பு, சுழிக்குச் சற்று மேலே சின்ன வெங்காயம் மாதிரி உருண்டு தடித்து நின்றது. அதற்குக் கீழே நரம்பு இல்லை. இரண்டு பக்கமும் அப்படியே. பிறகு மழித்த தோலைத் துடைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நீங்கள் சுழி என்று சொன்ன இடத்தில், நகத்தால் கீறியது போல் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு.

"இது சுழி இல்லீங்க சார். தையல் போட்ட தழும்பு. தழும்பு மேல முடி ஒழுங்கா மொளைக்காது, சுத்திக்கிட்டு மொளைச்சிருக்கு."

குளம்பின் பின்பகுதியில் வலி வந்து நொண்டும் குதிரைக்கு, அந்த இடத்துக்குப் போகும் நரம்பை வெட்டிவிடுவார்களாம். வலி தெரியாது, நொண்டாது. உள்ளே இருக்கிற நோய் அப்படியே இருக்கும். பேனா முனையால் பர்மிட்டின் குதிகாலில் நன்றாகவே குத்திக் காட்டினார். அவள் அசையவில்லை. வைக்கோலைத் தின்றுகொண்டு நின்றாள். முழங்காலுக்குக் கீழே லேசாகத் தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"தப்பான வைத்தியமாங்க?" என்றேன்.

"இல்லீங்க. வேற வழியில்லாதப்போ பண்றதுதான். சொல்லிட்டு வித்தா வைத்தியம். சொல்லாம வித்தா..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, "யாராவது ஏறி ஓட்டறீங்களா?" என்று கேட்டார்.

நான் சுவரில் மாட்டியிருந்த கடிவாளத்தைப் பார்த்தேன்.

"வேகமா ஓட்டாதீங்க சார். கால் எங்க படுதுன்னு அதுக்குத் தெரியாது. உள்ள எலும்பு எந்த நெலமையில இருக்குன்னும் நமக்குத் தெரியாது. எப்ப வேணாலும் மடங்கலாம். ஒரு முள்ளு ஏறுனாக்கூட அது சொல்லாது, சீழ் வச்ச பொறவுதான் தெரியும்."

நல்ல கால்களின் பட்டியலில் நம் பர்மிட்டுக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் டாக்டரம்மா அத்தனை படத்தையும் வேறொரு பெயரில் சேமித்துக்கொண்டார். வருத்தப்படுவது போல்தான் இருந்தார். கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அன்றைய என் நிலைமையைச் சொல்கிறேன் மச்சான். உங்கள் மகள் சுதா ஆறு மாதமாகப் பர்மிட் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். டவுனில், அஸ்தம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டியில் வந்து, அதே ஹெல்மெட்டோடு குதிரையில் ஏறி, காய்ந்த ஏரிக்குள் பறப்பாள். தைப் பண்டிகைக் குதிரைப் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்திருந்தாள். விட்டது நான்தான். "மாமா, அப்பா இருந்தவரைக்கும் விடல, நீங்களாச்சும் விடுங்க" என்று கேட்டாள். நல்ல மாமா என்று பெயரெடுக்க யாருக்குத்தான் ஆசையில்லை?

அதற்கு முந்தின மாதம் பர்மிட் ஒருமுறை தடுக்கி, சுதா விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். "குதிரையைச் சொல்லாத, கல்லைச் சொல்லு" என்று நான் ஜோக்கடித்தேன். நானே சொல்லி நானே சிரித்தேன்.

டாக்டரம்மா வந்தது வியாழன். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்துவிடுவாள். எனக்கு மூன்று நாள் இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று. சொல்வதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று. நீங்கள் ஏமாந்தீர்களா, இல்லை தெரிந்தே மறைத்தீர்களா? சர்வேயர் வேலையில் இறங்கினேன். இந்த முறை விபத்தான வண்டி நீங்கள்.

முதலில் பழசை எல்லாம் கிளறினேன். தொழுவத்தில் மணல் கொட்டி, அந்த மணலைத் தினம் சல்லடையில் சலிப்பீர்களே, ஞாபகமிருக்கிறதா? அதை வைத்து 'மணல் சலிக்கும் மகாராஜா' என்று நான் ஒரு கட்டுரை எழுதி, நீங்கள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பொழுது சாய்ந்தால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நாலு குளம்பையும் தூக்கிப் பார்ப்பீர்கள். வேறு யாரையும் தொட விடமாட்டீர்கள். டவுனில் பணக்காரர்கள் இருக்கிற ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒருவர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டுக் காரில் வந்தார். கூட்டி வந்தது நான். கார் கதவை அவர் முழுசாகத் திறப்பதற்கு முன்பே நீங்கள் சாத்தினீர்கள். விலைக்குக் கேட்டு வந்த மூன்று பேரையும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் துரத்தினீர்கள்.

இன்னொன்று. கொலுசுச் சுழி, கொலுசுச் சுழி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நீங்கள், எப்போது அந்தப் பேச்சை விட்டீர்கள்? யோசித்துப் பார்த்தால், கடைசி நாலு வருடமாக அதைப் பற்றிப் பேசியதெல்லாம் நானும் மல்லிகாவும்தான். நாங்கள் எடுத்தால் நீங்கள் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விடுவீர்கள். ஆடிச் சந்தைக்கும் அதன் பிறகு போகவில்லை. முட்டி வலி என்றீர்கள். நானும் நம்பினேன். ஒரு சர்வேயர் தன் வாழ்நாளில் நம்பிய ஒரே வாக்குமூலம்!

வெள்ளிக்கிழமை வாழப்பாடிக்குப் போனேன், லாடம் கட்டும் மாணிக்கத்தைப் பார்க்க. ஆரம்பத்தில் பர்மிட்டுக்கு லாடம் கட்டியவர் அவர்தானே. என்னைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்தார். பர்மிட்டின் பெயரைச் சொன்னதும் மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"அதைப் பத்தி என்னைக் கேட்காதண்ணே. உங்க மச்சானுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"அவர்தான் போயிட்டாரே மாணிக்கம்."

"ஆள் செத்தா சத்தியம் காலாவதி ஆயிடுமா? அது என்ன உன் இன்சூரன்ஸா?"

ஸ்கேனில் பார்த்ததை நான் சொன்னேன். வெட்டிய நரம்பு, தையல் தழும்பு, எல்லாம். அவர் சுத்தியலை மறுபடி கீழே வைத்தார். "அப்போ நான் சொல்லல. உனக்கே தெரிஞ்சிருக்கு" என்று தன் மனசாட்சியைச் சமாதானம் செய்துகொண்டு ஆரம்பித்தார்.

"வாங்குன ரெண்டாவது வருசம். ஆணி ஒண்ணு கொஞ்சம் உள்ள ஏறிடுச்சு. என் தப்புதான். ரத்தம் வந்துடுச்சு. வேற குதிரையா இருந்தா என் பல்லு இன்னிக்கு வாயில இருந்திருக்காது. இது பாட்டுக்குப் புல்லு மென்னுகிட்டு நிக்குது. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரு என்னைப் பார்க்கல. கீழ உட்கார்ந்து அந்தச் சுழியைக் கட்டை விரலால தடவிக்கிட்டே இருந்தாரு. ரொம்ப நேரம். அப்புறம், லாடத்தைக் கழட்டிரு மாணிக்கம், இவளுக்கு இனிமே லாடம் வேணாம்னாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. முக்கியமா எங்க மாப்ளெகிட்டன்னாரு."

"எங்கிட்டயா? ஏன்?"

"உன்கிட்ட சொன்னா பத்திரிகையில வந்துடுமாமே."

மச்சான், நீங்கள் ஏமாந்தீர்கள். பிறகு தெரிந்துகொண்டீர்கள். தெரிந்த பிறகு மறைத்தீர்கள். மூன்றுமே நிஜம். ஆனால் விஷயத்தைத் துண்டு போட்டு மூடி, குதிரையை அடுத்தவன் தலையில் கட்டவில்லை. கேட்டு வந்தவர்கள் எல்லோரும் உங்கள் சுழிக் கதையைக் கேட்டுத்தான் வந்தார்கள். சரி என்று தலையாட்டியிருந்தால் வேலை முடிந்தது. சந்தையில் அவன் செய்ததை நீங்களும் செய்திருக்கலாம். செய்யாமல், நாலு வருடம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இன்னொன்றும் விளங்கியது. குதிரையை ஏன் மகளுக்குக் கொடுக்காமல் எனக்குக் கொடுத்தீர்கள் என்று. சுதாவிடம் கொடுத்தால் அவள் ஏறுவாள். நான் எந்தக் காலத்திலும் ஏற மாட்டேன். உங்கள் உறவுக்காரர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று தேடி, அவன் கையைப் பிடித்திருக்கிறீர்கள். என் வாழ்க்கையில் கோழைத்தனத்துக்காகக் கிடைத்த ஒரே கௌரவம். அதையும் நான் காப்பாற்றவில்லை. நான் ஏறவில்லை, உங்கள் மகளை ஏற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுதா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே தொழுவத்துக்குப் போனாள்.

"என்னங்க மாமா, ஒரு காலுக்கு மட்டும் ஷேவிங் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"உக்காரு சாமி. ஒரு விஷயம் சொல்லோணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக் இல்லாமல் நான் இவ்வளவு நேரம் பேசியது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான். அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மல்லிகா வாசல்படியில் நின்று, "அந்தப் பொட்டி பொய் சொல்லுது, எங்கண்ணன் சொன்னா அது சுழிதான்" என்று இடையிடையே குரல் கொடுத்தாள்.

முடித்ததும் சுதா கேட்டாள். "அப்ப நான் பொண்ணுங்கறதால இல்லையா மாமா?"

எனக்குப் புரியவில்லை.

"ஏறட்டுமான்னு கேட்டப்ப, பொட்டப்புள்ளைக்குக் குதிரை என்னத்துக்குன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காக ஒன்றரை வருஷம் நான் அவருகூடப் பேசல. ஆஸ்பத்திரியில சேர்த்த பொறவுதான் வந்தேன். உங்களுக்குத் தெரியும்ல? ஏமாந்துட்டேன் அம்முணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதைச் சொல்லக் கூச்சம், இதைச் சொல்லக் கூச்சமில்லையா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்கள்தான் சொல்ல வேண்டும். குதிரைச் சந்தையில் ஏமாந்தவன் என்று மகள் நினைப்பதைவிட, பெண் பிள்ளையை மட்டம் தட்டுகிறவன் என்று நினைப்பது மேல் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உங்களுக்காக வாதாட எனக்கு ஆயிரம் விஷயம் கிடைத்துவிட்டது. இந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் வாதாட முடியவில்லை. உங்களுக்குக் கூச்சமாக இருந்ததே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?

அவள் பிறகு எழுந்துபோய்ப் பர்மிட்டின் முன்னங்காலைத் தூக்கினாள். "தினமும் பாக்கறீங்களா மாமா?"

"பாக்கறனே" என்றேன். பார்ப்பதுதான். தூரத்திலிருந்து.

அவள் குளம்பைத் திருப்பிக் காட்டினாள். வேலிக்காத்தான் முள் ஒன்று, பாதி விரல் நீளம், உள்ளே ஏறி முனை ஒடிந்திருந்தது. எப்போது ஏறியதோ. பர்மிட் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, ஒரு அடி தாங்கி நடந்ததில்லை. சுதா ஊக்கால் கிளறி, அதை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பர்மிட் அப்போதும் வைக்கோலைத்தான் மென்றுகொண்டிருந்தாள். அந்தக் காலில் நடப்பது அவளுக்கு யாரோ ஒருவர் வீட்டு விஷயம்.

அப்புறம்தான் சுதா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் நனைந்திருந்தது. வெயில் என்று சொன்னாள். நான் நம்பவில்லை, ஆனால் விசாரிக்கவும் இல்லை. பந்தயத்துக்குக் கொடுத்த பெயரை அன்றைக்கே போன் செய்து எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "எங்கப்பா விடல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் இருக்கக்கூடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால், குதிரை மேல் ஏறாமல் பக்கத்தில் நடந்தபடி ஏரிக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறாள். ஏதோ பேசிக்கொண்டே போகிறாள். பர்மிட்டிடம் பேசுகிறாளா, உங்களிடமா, தெரியவில்லை.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாது என்று மல்லிகா என்னிடம் சத்தியம் வாங்கினாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன். எழுதுவதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. நீங்கள் பயந்தபடியே பத்திரிகையில் வந்துவிட்டது, மன்னியுங்கள். அந்தச் சந்தைக்காரனுக்கு நீங்களே கொலுசுச் சுழி என்ற பெயரைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவன் இன்னும் எத்தனை குதிரையை விற்றானோ. ஆடி மாதம் யாராவது அந்த இடத்தில் குத்த வைத்து உட்கார்ந்து ஆஹா என்றால், அவர் இதைப் படித்தவராக இருக்கட்டும்.

மழித்த இடத்தில் மயிர் வளர்ந்துவிட்டது. மல்லிகா டாக்டரம்மாவிடம் கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. சுழி அதே இடத்தில், அதே மாதிரி, சுற்றிக்கொண்டு முளைத்திருக்கிறது. உங்கள் தங்கச்சி அதில் மஞ்சள் வைத்துவிட்டு, நான் அப்பவே சொன்னேனே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். காவல் என்று நினைத்துத்தானே நீங்கள் அதை வாங்கினீர்கள். காவல் காத்தது நீங்கள். அந்த இடத்துக்கு மஞ்சள் வைத்தால் என்ன தப்பு?

மணல் சல்லடை இப்போது என் கையில் இருக்கிறது. டார்ச்சை வாயில் கவ்வத்தான் வரவில்லை, எச்சில் ஒழுகுகிறது. பர்மிட்டின் காலைத் தூக்கும்போது எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அவள் உதைக்க மாட்டாள் என்று தெரியும், ஆனாலும் சந்தேகம். பயந்துகொண்டே தூக்குகிறேன். அவள் இருக்கிறவரை பொழுதோடு நாலு காலையும் தூக்கிப் பார்ப்பேன், அவள் முதுகில் யாரையும் ஏற்ற மாட்டேன். இது வாயால் சொன்ன சத்தியம், எழுத்திலும் இருக்கிறது. தப்பிக்க வழி வைக்கவில்லை.

இன்றைக்கு நாலும் பார்த்தாயிற்று மச்சான். ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
ஏறவே மாட்டான் என்று நீங்கள் நம்பிய உங்கள் மாப்ளெ.